பிடி என்றால் விடு

தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வருபவர்களின் பட்டியல் அநேகமாக மாறுவதில்லை. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, மாலையில் பிருந்தாவனத் தோட்டம், ஊர் திரும்புவதற்கு முன் கால் கிலோ மைசூர் பாகு. ஒன்றரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். சாமுண்டி மலையில் பெரிய நந்தியின் முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய நந்தி அது. செதுக்கிய பாறைக்குக் கும்பிடு கிடைக்கிறது. செதுக்காமல் விட்ட பாறைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்க ஆரம்பித்தால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. பெங்களூரிலிருந்து மைசூர் வரும் வழியில் ராமநகரத்தைத் தாண்டும்போது ரயில் ஜன்னலுக்கு இருபுறமும் மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கும். 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்து மிரட்டியது இந்தப் பாறைகளில்தான். ராமநகரத்துக்கு வெள்ளையர் காலத்தில் க்ளோஸ்பெட் என்று பெயர். அந்தப் பெயரையே புவியியலாளர்கள் இங்குள்ள கருங்கல்லுக்கும் வைத்துவிட்டார்கள். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. தக்காணத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில் இமயம் கைக்குழந்தை.

வங்கி மாற்றல் உத்தரவோடு 2014 ஜூன் மாதம் நான் மைசூருக்கு வந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. வயது 47. கணவருக்குத் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வேலை. மகள் கோவையில் கல்லூரி விடுதியில். நான் கோகுலம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் தனியாகக் குடியேறினேன். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி அரசாங்கம் ஊரின் பெயரை மைசூரு என்று மாற்றியது. எனக்கு மொழியும் புதிது, பெயர்ப் பலகையும் புதிது. காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குக் கன்னடம் வர ஆறு மாதம் பிடித்தது.

கோகுலம் ஒரு விசித்திரமான பேட்டை. பட்டாபி ஜோயிஸ் கற்றுக்கொடுத்த அஷ்டாங்க யோகத்தைத் தேடி உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவர் 2009இல் காலமான பிறகும் அந்தக் கூட்டம் குறையவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் நடந்து போவார்கள். இளநீர்க்காரர் அவர்களுடன் ஆங்கிலத்திலும் என்னுடன் கன்னடத்திலும் பேசுவார். அயலூரார் என்ற வகையில் நாங்கள் எல்லோரும் ஒரே கட்சி.

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் மூன்று மாதம் தங்கியிருந்த கனடாப் பெண்ணும் அப்படி வந்தவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாயை வைத்துவிட்டு ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். என்ன என்று கேட்டேன். பாறை ஏறப் போவதாகச் சொன்னார். ஊரிலேயே கற்றுக்கொண்டதா என்றால், இல்லையாம். பிறந்த நாட்டில் ராக்கி மலைத்தொடர் இருந்தும் அவர் ஒரு பாறையையும் தொட்டதில்லை. தென்கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போன இடத்தில்தான் அந்தப் பித்துப் பிடித்தது. சோல் நகரத்தின் வடக்கு விளிம்பில் புகான்சான் என்ற மலை இருக்கிறது. அதில் இன்சுபோங் என்று ஒரு வழுக்கைப் பாறைச் சிகரம். நகரத்து ரயிலில் போய் இறங்கி, ஏறிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கொரியாவிலிருந்து தாய்லாந்தின் ராய்லே கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகள், அங்கிருந்து நம்முடைய ஹம்பி, ஹம்பியிலிருந்து மைசூர். வெளிநாட்டில் வேலைக்குப் போய்ப் பணத்தோடு திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பழக்கத்தோடு நாடு நாடாகப் போகிறவரை அப்போதுதான் பார்த்தேன்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் என் மனதில் தங்கியது. சோல் நகரத்து மலைகளில் வார இறுதியில் ஏறுபவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரிகளாம். தலையில் தொப்பி, முதுகில் பை, பையில் சோறு. யாரும் அவர்களைப் பார்த்து 'இந்த வயதில் எதற்கு' என்று கேட்பதில்லையாம்.

2015 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை அவரோடு பாண்டவபுரத்துக்குப் போனேன். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, மைசூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரை ஒட்டி குந்தி பெட்டா என்ற மலை. வனவாசத்தில் பாண்டவர்கள் தாயோடு இங்கே தங்கினார்கள் என்பது ஐதீகம். ஹைதர், திப்பு காலத்தில் அவர்களுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படைவீரர்கள் இங்கே முகாமிட்டார்கள். அதனால் இந்த ஊருக்கே நெடுங்காலம் 'பிரெஞ்சு ராக்ஸ்' என்றுதான் பெயர். சற்றுத் தள்ளி தொண்டனூர் ஏரி. சோழ நாட்டிலிருந்து வந்த ராமானுஜர் 12ஆம் நூற்றாண்டில் மேலுகோட்டைக்குப் போகுமுன் தங்கியதாகச் சொல்லப்படும் ஊர். அயலார் வந்து தங்கிப் பழகிய மண் அது.

பாறையடியில் ஒரு சிறு குழு. கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஒரு பயிற்சியாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. முதலில் என்னை 'மேடம்' என்றார். இரண்டாவது வாரம் 'அக்கா' ஆகிவிட்டேன். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது.

பாறை ஏறுவது என்றதும் சினிமாவில் வருவதுபோல விரல் நுனியில் தொங்குவது என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்பக்காரர்களுக்குக் கயிறு மேலிருந்து வருகிறது. பாறையின் உச்சியில் உறுதியான இடத்தில் கட்டிய கொக்கிகள் வழியாகக் கயிறு ஓடும். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பு வாரில் எட்டு வடிவ முடிச்சால் கட்டப்பட்டிருக்கும். மறுமுனைப் பக்கம் தரையில் நிற்பவரின் இடுப்பில் உள்ள ஒரு சிறு உலோகக் கருவிக்குள் நுழைந்து வெளியே வரும். நீங்கள் ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் தவறினால் கயிற்றைக் கீழ்ப்பக்கம் மடக்கிப் பிடிப்பார். கருவியில் கயிறு உரசி இறுகிவிடும். எடை குறைந்த பெண்கூட கனமான ஆளைத் தாங்கிவிடலாம். கயிறும் கிணற்றுக் கயிறு மாதிரி விறைப்பானது அல்ல. விழுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நீளக்கூடியது.

இதெல்லாம் பௌதிகம். பாறையில் கால் வைத்ததும் பௌதிகம் மறந்துபோகும். பயந்த உடம்பு பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் ஆபத்து. சரிந்த கருங்கல்லில் உடம்பைப் பாறையோடு ஒட்டினால் பாதத்தின் மேல் இறங்கவேண்டிய எடை திசை மாறி, கால் வழுக்கிவிடும். பாறையை விட்டு விலகி, இடுப்பை வெளியே தள்ளி, நிமிர்ந்து நின்றால் முழு எடையும் ரப்பர் செருப்பின் அடியில் இறங்கும். கல்லின் சொரசொரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். எதை இறுக்கிக்கொள்ளத் தோன்றுகிறதோ அதைவிட்டு விலகி நின்றால்தான் நிற்க முடியும். நாற்பத்தேழு ஆண்டுகளாகச் சுவரோரமாகவே நடந்து பழகிய உடம்பு இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

'காலு நம்பி அக்கா' என்று கீழேயிருந்து குரல் வரும். காலை நம்புங்கள். 'ஹெதரபேடி', பயப்படாதீர்கள். முதல் சொற்றொடர் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

நான்காவது வாரம் இருபதடி உயரத்தில் வலது கால் நழுவியது. அடிவயிற்றிலிருந்து ஒரே சொல்தான் வந்தது: 'பிடி! பிடி!' இடுப்பு வார் தொடையை இறுக்க, ஓர் அடிகூட இறங்காமல் அந்தரத்தில் நின்றேன். மெல்ல இறக்கிவிட்டார்கள். கீழே வந்ததும் பார்த்தால் பயிற்சியாளர் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டேன். தமிழ் 'பிடி'க்குக் கன்னடத்தில் 'ஹிடி'. பழைய 'ப' அங்கே 'ஹ' ஆகிவிட்டது. பால் 'ஹாலு' ஆனதுபோல, பல் 'ஹல்லு' ஆனதுபோல. தமிழ் 'வி' அங்கே 'பி' ஆகும். ஆகவே நம் 'விடு' அவர்களுக்கு 'பிடு'. அதையே மரியாதையாகச் சொன்னால் 'பிடி'. தலைகீழாய்ப் போகாத குறையாக நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியது, கீழே நின்றவர்கள் காதில் 'விடுங்கள்! விடுங்கள்!' என்று விழுந்திருக்கிறது.

'நீங்க விடச் சொன்னீங்க அக்கா. நான் விடல' என்று அந்தப் பிள்ளை கன்னடத்தில் சொன்னதை யாரோ தமிழ்ப்படுத்தினார்கள்.

சிரித்து முடிந்ததும் அவர் விளக்கினார். கயிறு பிடிக்கிறவனுக்கு முதல் பாடம், மேலேயிருந்து என்ன சத்தம் வந்தாலும் பிரேக் கை கயிற்றைவிட்டு எடுக்கக் கூடாது. குளவி கொட்டினாலும் எடுக்கக் கூடாது. காது கேட்பதை நம்பக் கூடாது, கயிற்றில் கை உணர்வதை நம்பவேண்டும். அன்றிலிருந்து எங்கள் குழுவில் கயிற்றை இறுக்கவேண்டுமானால் 'பிகி', தளர்த்தவேண்டுமானால் 'ஸ்லாக்' என்று நிச்சயித்தார்கள். அடுத்த ஒன்றரை வருடம் என் கன்னடம் பாறையில்தான் வளர்ந்தது.

கனடாப் பெண் மார்ச் மாதம் புறப்பட்டுப் போனார். நான் தொடர்ந்தேன். வீட்டில் ஆட்சேபம் இல்லாமல் இல்லை. கணவர் எதுவும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் பாலிசி எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். அம்மாதான் போனில் அழுதாள். 'விழுந்து கைகால் ஒடிஞ்சா யாருடி பாக்கிறது?' நியாயமான கேள்வி. நம் பெண்கள் பலருக்கு ஐம்பதை நெருங்கும்போது உடம்பு என்பது மாத்திரை போடவேண்டிய ஒன்றாகவும், மற்றவர்களுக்குப் பாரமாகாமல் வைத்துக்கொள்ளவேண்டிய ஒன்றாகவும் ஆகிவிடுகிறது. அது ஒரு வேலையைச் செய்து காட்டும், நேற்று முடியாததை இன்று முடிக்கும் என்ற எதிர்பார்ப்பே போய்விடுகிறது. எனக்கு அது திரும்பி வந்தது. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. கைகால் ஒடியவில்லை என்பதை மட்டும் வாராவாரம் தெரிவித்தேன்.

பிறகு 2016 செப்டம்பர் வந்தது.

விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்கள் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மண்டியா மாவட்டம் கொதித்தது. பாண்டவபுரம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மைசூர்-பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல். 9ஆம் தேதி கர்நாடக பந்த். 12ஆம் தேதி நீதிமன்றம் அளவை 12,000 கன அடியாக மாற்றியது. அன்றைக்குப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. தமிழ்நாட்டிலும் கர்நாடகக்காரர்களின் வண்டிகளும் ஓட்டல்களும் தாக்கப்பட்டன. 1991 டிசம்பரை நேரில் கண்ட பழைய மைசூர்த் தமிழர்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நான் தஞ்சாவூர்ப் பதிவெண் போட்ட ஸ்கூட்டரின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

எங்கள் வீடு வெண்ணாற்றுப் பாசனம். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் குறுவை, இல்லாவிட்டால் இல்லை. அந்த வாரம் என் அண்ணன் தஞ்சாவூரில் ரயில் மறியலில் உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளரின் அப்பா மண்டியாவில் சாலை மறியலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு வயலிலும் தண்ணீர் இல்லை.

12ஆம் தேதி இரவு போன் வந்தது. 'அக்கா, ஊரில் நிலைமை சரியில்லை. வண்டியை வெளியே எடுக்காதீங்க. பால், காய்கறி ஏதாவது வேணுமா? கோகுலத்தில் என் மாமா பையன் இருக்கான், அனுப்பறேன்.' நான் வேண்டாம் என்றேன். மறுநாள் காலை அந்தப் பையன் கேட்காமலே பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்டோபர் மத்தியில்தான் மறுபடி குந்தி பெட்டாவுக்குப் போனேன். பேருந்தில் போகும்போது மனம் நிம்மதியாக இல்லை. அங்கே கயிறு தயாராக இருந்தது. வழக்கம்போல அவர் என் முடிச்சைச் சோதித்தார், நான் அவருடைய கருவியைச் சோதித்தேன். ஏறும் முன் ஒருவர் மற்றவருடையதைச் சரிபார்ப்பது விதி. சந்தேகத்தினால் அல்ல, நம்பிக்கையை அப்படித்தான் வைக்கிறார்கள். உச்சிக்குப் போய் இறங்கியபின், கரும்பு காய்ந்துகொண்டிருந்த வயல்களைப் பார்த்தபடி அவர் கேட்டார்: 'அக்கா, உங்க ஊரில் நிஜமாகவே தண்ணி வேணுமா, இல்லே அரசியலா?' நான் குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் விளக்கினேன். அவர் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்று விளக்கினார். அரை மணி நேரம் பேசினோம். எதிலும் உடன்பாடு ஏற்படவில்லை. 'சரி, இன்னொரு தடவை ஏறலாம்' என்றார்.

பாறை ஏறினால் காவிரிப் பிரச்னை தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவு சொன்னது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. மழை குறைந்த ஆண்டுகளில் சண்டை இன்னமும் வருகிறது. ஆனால் ஒருவனுடைய கருத்தோடு சண்டை இருக்கும்போதே அவன் கையில் உயிரைக் கொடுக்க முடியும் என்பது நான் அனுபவித்த உண்மை. ஜூலை மாதங்களில் அவர் கே.ஆர்.எஸ். நீர்மட்டத்தை எனக்கு அனுப்புகிறார். அது 124.80 அடியில் நிறையும். நான் மேட்டூர் மட்டத்தை அனுப்புகிறேன். அது 120.

இந்தப் பத்தாண்டுகளில் விளையாட்டும் எங்கேயோ போய்விட்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் செயற்கைச் சுவர் ஏற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. பெங்களூர் கண்டீரவா மைதானத்துச் சுவரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்லிபோல ஏறுகிறார்கள். ஹம்பியை உலகப் பாறையேறிகளுக்கு அறிமுகப்படுத்தியது 2003இல் கிறிஸ் ஷர்மா என்ற அமெரிக்கர் நடித்த 'பில்கிரிமேஜ்' என்ற படம். அவர்கள் தங்கிய துங்கபத்திரைக் கரை விடுதிகள், பாரம்பரியச் சின்னப் பகுதியில் விதிமீறிக் கட்டப்பட்டவை என்று 2020இல் இடிக்கப்பட்டுவிட்டன. ராமநகரத்தில் ராமதேவர பெட்டா பகுதி, நீண்ட அலகுப் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக 2012இல் சரணாலயமாயிற்று. கழுகு கூடு கட்டும் பாறையில் மனிதனுக்கு வேலையில்லை என்பதை உண்மையான பாறையேறிகள் ஒப்புக்கொள்வார்கள். சித்ரதுர்காவில் கயிறே இல்லாமல் கோட்டைச் சுவரில் ஏறும் ஜோதி ராஜை 'கோதி ராஜ்' என்கிறார்கள். கோதி என்றால் குரங்கு. அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரைப் பார்த்து வியக்கலாம், பின்பற்றக் கூடாது.

2019இல் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நம் பாறைகளைக் கண் திறந்து பார்த்தேன். செஞ்சி, நார்த்தாமலை, மதுரை யானைமலை. நமக்குப் பாறை என்றால் இரண்டு உபயோகம்தான்: மேலே கோயில் கட்டுவது, அல்லது வெடிவைத்து உடைத்து விற்பது. மதுரை கிரானைட் கொள்ளையை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களை நியமிக்கவேண்டி வந்தது. 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியைச் சேர்த்து 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊரார் போராடியதால் 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. ஒரு பாறையைக் கையால் தொட்டு, காலால் நம்பி ஏறிய பிள்ளைகள் நாலு பேர் ஊருக்கு ஊர் இருந்தால், அதை உடைக்க வருபவனுக்குப் பதில் சொல்ல நாலு பேர் கூடுதலாக இருப்பார்கள்.

போன மாதம் சித்தன்னவாசலுக்குப் போயிருந்தேன். ஓவியத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்கிய குகை. வழவழப்பான கற்படுக்கைகள், ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. அங்கே போகச் சரிந்த பாறையில் ஏழு குழிகளை வெட்டியிருக்கிறார்கள். கால் வைப்பதற்கு. இப்போது கம்பி வேலி போட்டிருப்பதால் பயமில்லாமல் போகலாம். ஒவ்வொரு குழியும் பாதத்தின் முன்பாதி மட்டும் பதிய, உடம்பு நிமிர்ந்து நிற்கும்படி வெட்டப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. வெட்டியவர் தன் காலை நம்பியவர். முதல் குழியை வெட்டும்போது அவரைக் கீழேயிருந்து யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.